ஒரு சோறு எப்போது பதம்?

வணிகர் நாவில் நாள்தோறும் புரளும் சொற்களுள் 'எல்லாம்' என்பது ஒன்று. "நம் சரக்கு எல்லாம் முதல் தரம்" என்கிறோம். "அந்த ஊர்க்காரர் எல்லாரும் வாங்கிய கடனைத் திருப்பாதவர்" என்கிறோம். "இக்காலத்துப் பிள்ளைகள் எவருமே கடையில் நிலைத்து வேலை செய்யமாட்டார்கள்" என்கிறோம். இவற்றைச் சொல்வதற்குக் காசு செலவில்லை. ஆயினும் தராசில் இட்டு நிறுத்துப் பார்த்தால், இதைப்போல் கனமான சொல் நம் மொழியில் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

ஏன் கனம் என்கிறோம்? 'எல்லாம்' என்று சொல்பவர் தாம் கண்டவற்றுக்கு மட்டுமா சாட்சி சொல்கிறார்? காணாதவற்றுக்கும், இனி வரப்போகின்றவற்றுக்கும் சேர்த்தல்லவா ஜாமீன் நிற்கிறார்! ஒரு தனி மனிதருக்கு ஜாமீன் கையெழுத்திடுவதென்றால் நாம் எத்தனை முறை யோசிக்கிறோம்! ஓர் ஊர் முழுவதையும் ஒரே சொல்லில் அடக்கும்போது மட்டும் அந்த யோசனை எங்கே போய்விடுகிறது?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது பெரியோர் சொன்ன பழமொழி. ஒருவரைக் கண்டு எல்லாரையும் எடைபோடுவோர், ஏன் என்று கேட்டால் இப்பழமொழியையே துணைக்கு அழைப்பர். பழமொழி பொய்யன்று. ஆனால் அது பொருந்தும் இடம் எது, பொருந்தா இடம் எது என்று பிரித்தறியாமல் கையாண்டால், கூரிய கத்தியைக் குழந்தை கையில் கொடுத்தது போலாகும். ஒன்றைக் கண்டு எல்லாவற்றையும் பற்றிப் பேசும் உரிமை நமக்கு எப்போது கிடைக்கிறது? இந்த ஒரு கேள்வியையே இங்கு ஆராய்வோம்.

நான்கு வகை வாக்கியம்

கேள்வி புதியதன்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், பொதுப்படப் பேசும் வாக்கியங்களை நான்கு வகையாகப் பிரித்தார். கடைமொழியில் சொன்னால் அவை இவை: எல்லா மூட்டையும் நல்லது, எந்த மூட்டையும் நல்லதன்று, சில மூட்டை நல்லது, சில மூட்டை நல்லதன்று. இவற்றுள் எது மெய்யானால் எது பொய்யாகும், இரண்டைச் சேர்த்தால் மூன்றாவதாக எது பிறக்கும் என்றெல்லாம் அவர் வகுத்துக் கொடுத்தார். பிற்காலத்தில் அல்-ஃபாராபி, இப்னு சீனா (980–1037) முதலிய பேரறிஞர்கள் இக்கலையை அரபு மொழியில் விரித்தும் திருத்தியும் எழுதினர். அரபு மதரஸாக்களில் 'மன்திக்' என்ற பெயரால் நெடுங்காலம் ஓதிக் கொடுக்கப்பட்டது இக்கலையே.

1879ஆம் ஆண்டில், ஜெர்மனியின் யேனா நகரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த கோட்லோப் ஃபிரேகே என்பவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். 'ஒவ்வொன்றும்', 'ஏதேனும் ஒன்று' என்னும் இரு சொற்களையும், கூட்டல் கழித்தல் குறிகளைப் போலப் பிழையின்றிக் கையாளும் வழியை அந்நூல் காட்டிற்று. வெளிவந்த காலத்தில் அதைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. இன்றோ, கணித நிரூபணங்களுக்கு அதுவே இலக்கணமாக விளங்குகின்றது. "இவ்வாண்டில் ஒரு தவணையேனும் தவறிய வாடிக்கையாளர் யார் யார்?" என்று நம் பிள்ளைகள் கணினியிடம் கேட்டு நொடியில் விடை பெறுகிறார்களே, அம்முறையும் அந்த வழியில் வளர்ந்ததே.

அவ்விரு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை உணர வணிகருக்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. "இம்மூட்டையில் அழுகிய வெங்காயம் உண்டு" என்பவர், ஒன்றே ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தால் போதும். வழக்கு அவர் பக்கம் தீர்ந்துவிடும். "இம்மூட்டையில் உள்ளவை எல்லாம் நல்லவை" என்பவரோ, மூட்டை முழுவதையும் கொட்டிக் காட்டியாக வேண்டும். ஆயிரம் நல்ல வெங்காயம் அவருக்காகச் சாட்சி சொன்னாலும், அடியில் கிடக்கும் ஒரு வெங்காயம் அவ்வளவையும் வீழ்த்திவிடும். 'உண்டு' என்பதற்கு ஒரு சாட்சி போதும். 'எல்லாம்' என்பதற்கு ஆயிரம் சாட்சியும் போதா. முதலாவதாக நாம் மனத்தில் இருத்த வேண்டியது இது.

மறுப்பதிலும் அளவு உண்டு

இரண்டாவது, மறுப்பைப் பற்றியது. "எல்லாம் நல்லவை" என்ற பேச்சு பொய்த்துவிட்டால், "எல்லாம் கெட்டவை" என்பது மெய்யாகிவிடுமா? ஆகாது. "ஒன்றேனும் கெட்டது" என்பது மட்டுமே மெய்யாகும். ஆனால் மனித மனம் என்ன செய்கிறது? நேற்றுவரை "அவர் தரும் சரக்கெல்லாம் தங்கம்" என்று புகழ்ந்தவர், இன்று ஒரு மூட்டை கெட்டதும் "அவர் சரக்கு எதுவும் ஆகாது" என்று தாவுகிறார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாய்வதற்கு இடையில் இருந்த அகன்ற நிலத்தை அவர் காணவேயில்லை. நேற்றைய புகழ்ச்சியும் அளவு கடந்தது. இன்றைய இகழ்ச்சியும் அளவு கடந்தது.

நம் பேச்சு வழக்கிலேயே இதற்கு ஒரு கண்ணி உண்டு. "வந்த மூட்டைகள் எல்லாம் நல்லவை அல்ல" என்று ஒருவர் சரக்கு அனுப்பியவருக்குக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். "ஒன்றுகூட நல்லதன்று" என்றும் படிக்கலாம். "சில நல்லவை, சில நல்லவை அல்ல" என்றும் படிக்கலாம். அனுப்பியவர் எல்லாவற்றையும் திரும்ப எடுப்பதா, சிலவற்றை மட்டும் மாற்றித் தருவதா? ஒரு வாக்கியத்தின் குழப்பத்தால் பல ஆண்டு உறவு முறிந்துபோகவும் கூடும். "நூறில் ஏழு மூட்டை கெட்டிருந்தன" என்று எழுதியிருந்தால் சண்டைக்கு இடமேது? எண்ணிச் சொல்ல முடிந்த இடத்தில் எண்ணிச் சொல்வதே நேர்மை.

நாற்பதாவது படி

"ஒன்றைக் கண்டு சொல்வது தவறாக இருக்கலாம், நாங்கள் பலவற்றைக் கண்ட பிறகே சொல்கிறோம்" என்பார் சிலர். நல்லது. பல என்றால் எத்தனை? கணித நூலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருகிறோம். கையில் ஒரு துண்டுத்தாள் எடுத்துக் கூடவே போட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.

ஓர் எண்ணை அதற்கடுத்த எண்ணால் பெருக்கி, 41ஐக் கூட்டுங்கள். ஒன்றில் தொடங்கினால் 1×2+41=43. அடுத்து 2×3+41=47. அதற்கடுத்து 3×4+41=53. வந்த எண்கள் யாவும் பகா எண்கள். அதாவது ஒன்றாலும் தம்மாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. பத்துவரை போட்டாலும் அப்படியே. இருபதுவரை போட்டாலும் அப்படியே. முப்பத்தொன்பதுவரை, ஒன்றுகூடத் தவறாமல், பகா எண்ணே வரும். முப்பத்தொன்பது முறை தொடர்ந்து தவணை தவறாத வாடிக்கையாளரை நாம் என்னவென்று சொல்வோம்? "எப்போதும் தவறாதவர்" என்றல்லவா? நாற்பதாவது படியைப் பாருங்கள்: 40×41+41. இது 41ஐ 41ஆல் பெருக்கிய 1681 அன்றி வேறில்லை. பகா எண் அன்று! இவ்வரிசையை 1772ல் எடுத்துக்காட்டியவர் ஆய்லர் என்னும் பெருங்கணிதர்.

பெரிய மனிதரும் இக்கண்ணியில் சிக்கியதுண்டு. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த ஃபெர்மா கணிதத்தில் நிகரற்றவர். 2ஐ எடுத்து வர்க்கம் செய்தால் 4, அதை வர்க்கம் செய்தால் 16, பிறகு 256, பிறகு 65536. ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என வரும். ஐந்தும் பகா எண்கள். இவ்வரிசையில் வருவன எல்லாம் பகா எண்களே என்று அவர் நம்பினார். அடுத்த எண் 4294967297. அதை 641 மீதியின்றி வகுத்துவிடும் என்று 1732ல் ஆய்லர் கண்டு காட்டினார். அந்த ஒரு கணக்கோடு 'எல்லாம்' என்ற பேச்சு முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1742ல் கோல்ட்பாக் என்பவர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்த கேள்வி ஒன்று இன்றுவரை தீரவில்லை. இரண்டுக்கு மேற்பட்ட இரட்டைப்படை எண் ஒவ்வொன்றும் இரு பகா எண்களின் கூட்டுத்தொகையா? 10 என்பது 3ம் 7ம். 28 என்பது 5ம் 23ம். கணினிகளைக் கொண்டு, 4 என்று எழுதிப் பதினெட்டுச் சைபர் போட்டால் வரும் எண்வரை சோதித்துவிட்டார்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. ஆயினும் கணிதர் எவரும் "இது நிரூபணமாகிவிட்டது" என்று சொல்லத் துணியவில்லை. அத்தனை கோடி சாட்சிகளுக்குப் பின்னும் அவர்கள் நா அடங்கி நிற்கிறது. மூன்று வாடிக்கையாளரைக் கண்டு முந்நூறு குடும்பத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறும் நாம் இதைக் கண்டு சற்று நாணவேண்டாமா?

அப்படியானால் நிரூபிப்பது எங்ஙனம்?

அப்படியானால் 'எல்லாம்' என்று எக்காலத்தும் சொல்லவே முடியாதா? முடியும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, ஒன்றுவிடாமல் பார்ப்பது. நம் பேரேட்டில் அறுபது கணக்கு உண்டென்றால், அறுபதையும் புரட்டிவிட்டு "எல்லாக் கணக்கும் தீர்ந்தது" என்று சொல்லலாம். ஐம்பத்தொன்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லலாகாது. பொருள் எண்ணிக்கைக்கு உட்பட்டதாயின் இவ்வழி போதும். எண்களுக்கோ முடிவில்லை. முடிவில்லாதவற்றை ஒன்றொன்றாகப் பார்த்துத் தீர்க்க எவரால் இயலும்?

அங்கேதான் இரண்டாவது வழி வருகிறது. கி.பி. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கப்பகுதியில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலிருந்தே 'அல்ஜிப்ரா' என்ற சொல் உலகுக்கு வந்தது. பாகப்பிரிவினை, வியாபாரம், நில அளவை முதலியவற்றுக்குப் பயன்படும் கணக்குகளைச் சொல்வதற்காக எழுதப்பட்ட நூல் அது. வணிகர் கையில் இருக்க வேண்டிய புத்தகம் எனலாம். ஆனால் அவர் "இப்படிச் செய்க, விடை வரும்" என்று சூத்திரம் சொன்னதோடு நிற்கவில்லை. சதுரங்கள் வரைந்து, விடை ஏன் அப்படித்தான் வரவேண்டும் என்பதையும் காட்டினார். விடை வருவது வேறு. ஏன் வந்தது என்று காட்டுவது வேறு. பின்னதே நிரூபணம்.

நம் கணக்குப்பிள்ளைகள் அறிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 72 என்று எழுதவேண்டியதை 27 என்று இலக்கம் மாற்றி எழுதிவிட்டால், வரும் வித்தியாசம் 45. அது ஒன்பதால் வகுபடும். 83ஐ 38 என்று எழுதினாலும் வித்தியாசம் 45. 91ஐ 19 என்று எழுதினால் 72. அதுவும் ஒன்பதால் வகுபடும். ஈரிலக்க எண் எதை மாற்றி எழுதினாலும் இப்படியே வருமா? எண்பது தொண்ணூறு எண்களையும் போட்டுப் பார்க்கலாம். அல்லது இப்படிச் சிந்திக்கலாம்.

பத்தாமிடத்தில் உள்ள இலக்கம் ஏதோ ஒன்று. அதைக் 'க' என்போம். ஒன்றாமிடத்து இலக்கமும் ஏதோ ஒன்று. அதை 'ம' என்போம். சரியான எண், பத்துக் 'க'வும் ஒரு 'ம'வும் சேர்ந்தது. மாற்றி எழுதிய எண், பத்து 'ம'வும் ஒரு 'க'வும் சேர்ந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், ஒன்பது 'க'வில் ஒன்பது 'ம' போக மிகுவதே வித்தியாசம். அதாவது 'க'வுக்கும் 'ம'வுக்கும் உள்ள வேறுபாட்டின் ஒன்பது மடங்கு. ஆகவே எந்த எண்ணானாலும் வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டே தீரும். முடிந்தது நிரூபணம்.

இதில் நாம் பார்த்தது எத்தனை எண்ணை? ஒன்றைத்தான். 'க' 'ம' என்னும் ஒரே ஓர் எண்ணை! ஒன்றைப் பார்த்து எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். ஒரு சோறு பதமாயிற்று. முன்பு கூடாது என்றது இங்கு மட்டும் எப்படிக் கூடிற்று?

விடை இதுதான். 'க' என்பது எட்டா ஏழா என்று நாம் கேட்கவில்லை. அதற்கே உரிய தனிக்குணம் எதையும் நாம் பயன்படுத்தவில்லை. ஈரிலக்க எண்கள் அனைத்துக்கும் பொதுவானது எதுவோ, அதை மட்டுமே கொண்டு வழக்கை நடத்தினோம். பொதுக்குணத்திலிருந்து பிறந்த முடிவு, அப்பொதுக்குணம் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும். தனிக்குணத்திலிருந்து பிறந்த முடிவோ அந்த ஒன்றோடு நின்றுவிடும். 'எல்லாம்' என்று சொல்லும் உரிமை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

இப்போது சோற்றுப் பானையைத் திரும்பிப் பாருங்கள். ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே நெருப்பு, ஒரே நேரம். ஒரு பருக்கை வெந்ததற்குக் காரணம் எதுவோ, அதுவே மற்றப் பருக்கைகளுக்கும் பொது. ஆகவே அங்கு ஒரு சோறு பதம். வெங்காய மூட்டையில் அப்படியா? ஒன்றில் ஈரம் பட்டது, ஒன்று அடிபட்டது. ஒவ்வொன்றின் கேட்டுக்கும் காரணம் வேறு. மனிதரைச் சொல்லவே வேண்டாம்! ஒருவர் கடனைத் திருப்பாமல் போனது அவர் ஊரால் அன்று. நோயாலோ, சூதாலோ, கெட்ட எண்ணத்தாலோ ஆனது. அவை அவருக்கே உரியவை. அவற்றை ஊருக்குப் பொதுவாக்குவது, ஒருவர் வாங்கிய கடனை அடுத்த வீட்டுக்காரர் பேரில் பற்று எழுதுவது போன்றதே.

திருப்பிப் படிக்கும் பிழை

மேலே கண்ட ஒன்பதின் கணக்கிலேயே இன்னொரு பாடமும் உண்டு. இலக்கம் மாறியிருந்தால் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும் என்று நிரூபித்தோம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம்தான் மாறியிருக்க வேண்டும் என்று நிரூபித்தோமா? இல்லை. முன்னதைத் திருப்பிப் படித்தால் பின்னது வரும். ஆனால் திருப்பியது மெய்யாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒரு கடையில் மாலையில் கல்லாவை எண்ணும்போது, கணக்குக்கு 45 வெள்ளி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் இருந்தவன் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமான இளைஞன். "பணத்தை எடுத்தால் கல்லா குறையும், கல்லா குறைந்திருக்கிறது, ஆகவே இவன் எடுத்துவிட்டான்" என்கிறார் ஒருவர். "இலக்கம் மாறினால் ஒன்பதின் மடங்கு வரும், 45 ஒன்பதின் மடங்கு, ஆகவே யாரோ 27ஐ 72 என்று எழுதிவிட்டார்கள்" என்கிறார் மற்றொருவர். முன்னவர் கடுமையானவர், பின்னவர் இரக்கமுள்ளவர். ஆனால் இருவரும் செய்த பிழை ஒன்றே. இருவரும் வாக்கியத்தைத் திருப்பிப் படித்தார்கள். சில்லறை தவறிப் போயிருக்கலாம். ஒரு செலவு எழுதப்படாமல் விட்டிருக்கலாம். உண்மை வேண்டுமானால் பேரேட்டை எடுத்து, அன்றைய ரசீதுகளோடு வரிவரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். ஓர் இளைஞனின் பெயர் ஒரு மணி நேரத்துக்கும் பெறாததா?

ஆனால் ஒன்று. குறைந்தது 45 அல்லாமல் 40 வெள்ளியாக இருந்திருந்தால், இலக்கம் மாறியது மட்டுமே காரணம் அன்று என்று உறுதியாகச் சொல்லலாம். ஏனெனில் 40 ஒன்பதால் வகுபடாது. "மழை பெய்தால் முற்றம் நனையும்" என்பதிலிருந்து, "முற்றம் நனையவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை" என்பது சரி. "முற்றம் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது" என்பது சரியன்று. யாரேனும் நீர் தெளித்திருக்கலாம். மிளகு வாங்குவோர் இதை அறிவர். கலப்படமான பப்பாளி விதை நீரில் மிதக்கும். அதற்காக மிதப்பதெல்லாம் பப்பாளி விதை ஆகிவிடாது. உள்ளீடற்ற பொக்கு மிளகும் மிதக்கும். மிதந்ததைக் கண்டவுடன் "கலப்படக்காரன்" என்று கூவுபவர், மட்டமான மிளகை விற்றவரைக் கலப்படம் செய்தவராக்கிவிடுகிறார். இரண்டும் ஒரே குற்றம் அல்லவே.

பூட்டும் சாவியும்

அரிஸ்டாட்டிலின் நான்கு வாக்கியங்களுக்குள் எளிதில் அடங்காத ஒன்றை ஃபிரேகேயின் முறை தெளிவாக்கிற்று. 'ஒவ்வொன்றும்', 'ஏதேனும் ஒன்று' ஆகிய இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால், எது முந்தி எது பிந்தி என்பதைப் பொறுத்துப் பொருள் மாறிவிடும். "ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு" என்பது நாம் அறிந்த செய்தி. "ஒரு சாவி உண்டு, அது ஒவ்வொரு பூட்டையும் திறக்கும்" என்பதோ திருடன் காணும் கனவு! சொற்கள் அவையே, வரிசைதான் மாறிற்று. முதலாவதிலிருந்து இரண்டாவது பிறக்காது.

இது விளையாட்டுப் பேச்சன்று. "ஒவ்வொரு நஷ்டத்துக்கும் ஒரு காரணம் உண்டு" என்பது மெய். வியாபாரம் நொடித்த வீட்டில் இது மெல்ல உருமாறி, "நம் எல்லா நஷ்டத்துக்கும் காரணமான ஒருவர் உண்டு" என்று ஆகிவிடுகிறது. பிறகு அந்த ஒருவரைத் தேடத் தொடங்குகிறார்கள். பங்காளி, மருமகன், புதிதாக வந்த எதிர்க்கடைக்காரர் என்று யாரேனும் ஒருவர் தலையில் அது விடிகிறது. ஒரு நஷ்டம் விலை இறங்கியதால் வந்தது. ஒன்று கப்பல் தாமதித்ததால் வந்தது. ஒன்று நம் கவனக்குறைவால் வந்தது. பூட்டுகள் பல, சாவிகளும் பல. எல்லாவற்றையும் ஒரு மனிதர் மேல் சுமத்தும்போது நாம் பிழையோடு அநீதியும் செய்கிறோம்.

வியாபாரம் காத்திருக்குமா?

இவ்வளவையும் படித்த வணிகர் ஒருவர், "நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் கணிதருக்குக் காலம் ஏராளம். எங்களுக்கு நிரூபணம் வரும்வரை சரக்குக் காத்திருக்குமா? நான்கு மூட்டையைக் குத்தி மாதிரி பார்த்துத்தான் நானூறு மூட்டைக்கு விலை பேசுகிறோம். ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன் இன்னொரு முறையும் சுட்டுக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

மாதிரி பார்த்து வாங்குவதை நாம் குறை கூறவில்லை. அங்கு நாம் 'எல்லாம்' என்று நிரூபிப்பதில்லை. 'பெரும்பாலும் இப்படி இருக்கும்' என்று துணிகிறோம். அத்துணிவு பொய்த்தால் நஷ்டம் நம்முடையது. நம் முதலை நாம் பணயம் வைக்க நமக்கு உரிமை உண்டு. மனிதரைப் பற்றிப் பொதுத்தீர்ப்புச் சொல்லும்போதோ, தீர்ப்புப் பொய்த்தால் நஷ்டம் நமக்கன்று. நாம் கண்ணாலும் காணாத யாரோ ஒருவருக்கு. அவர் நாணயமானவராக இருக்கலாம். நம் வாயிலிருந்து புறப்பட்ட ஒரு சொல் கடைத்தெருவைச் சுற்றி வந்து, அவருக்கு எங்கும் கடன் பிறவாமல் செய்துவிடும். பிறர் முதலைப் பணயம் வைக்க நமக்கு உரிமை ஏது? பிறர் நற்பெயர் நம் கையில் இருக்கும் அமானிதமல்லவா?

கடன் கொடுப்பதும் கொடாததும் அவரவர் விருப்பம். "இப்போது வசதியில்லை" என்று சொல்லி மறுக்க எந்த நிரூபணமும் தேவையில்லை. "உங்கள் ஊர்க்காரர் எல்லாரும் இப்படித்தான்" என்று சொல்லி மறுப்பதற்கு நிரூபணம் தேவை. கொடாமலிருப்பதற்குக் காரணம் கேட்பாரில்லை. பழி கூறுவதற்கு ஆதாரம் வேண்டும். இவ்விரண்டையும் கலக்காமல் இருந்தால் வியாபாரமும் நடக்கும். ஒருவருக்கும் கெடுதியும் இராது.

மெய்யான சொல்லாலும் ஏமாற்ற முடியும் என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். "நம் கடையில் கடன் வாங்கிய ஒவ்வொருவரும் திருப்பித் தந்துவிட்டார்கள்" என்று ஒருவர் பெருமை பேசுகிறார். விசாரித்தால், அவர் யாருக்கும் கடன் கொடுத்ததேயில்லை! தர்க்க முறைப்படி அவர் சொன்னது பொய்யாகாது. தவறிய ஒருவரைக் காட்ட எவராலும் முடியாதல்லவா? ஆனால் கேட்டவர் மனத்தில் அவர் பதித்த படம் பொய். தர்க்கம் நாவைக் காக்கும். நெஞ்சை நாமே காத்துக்கொள்ள வேண்டும்.

சொற்களுக்கும் படிக்கற்கள் உண்டு

ஒரு கிலோ வேண்டியவருக்கு முக்கால் கிலோவை நிறுத்துக் கொடுப்பது குற்றம் என்று நாம் அனைவரும் அறிவோம். சொல்லுக்கும் படிக்கற்கள் உண்டு. 'ஒன்று', 'சில', 'நாம் கண்டவரை', 'பெரும்பாலும்', 'எல்லாம்' என்று அவை படிப்படியாகக் கனத்துச் செல்கின்றன. கண்டது ஒன்றாயின் 'ஒருவர்' என்ற கல்லை வையுங்கள். கண்டது பலவாயின் 'நாம் கண்டவரை' என்ற கல்லை வையுங்கள். எண்ணி முடித்தபோதும், பொதுக்குணத்தால் நிரூபித்தபோதும் மட்டுமே 'எல்லாம்' என்ற கல் தட்டில் ஏறலாம். கையில் ஒரு பிடிச் சரக்கை வைத்துக்கொண்டு எதிர்த்தட்டில் பெருங்கல்லை வைத்தால் தராசு நேர் நிற்காது.

பினாங்கானாலும் சிங்கப்பூரானாலும், நம் வணிகர் கடல் கடந்து வந்து காலூன்றியது பெருமுதலால் மட்டும் அன்று. முன்பின் அறியாத ஒருவர் நம்பிக் கொடுத்த முதற்கடனாலும் ஆகும். அன்று அவர் "இங்கு புதிதாக வந்து இறங்குபவர் எல்லாரும் இப்படித்தான்" என்று சொல்லியிருந்தால் எத்தனை கடைகள் திறக்கப்படாமலே போயிருக்கும்! அவர் அச்சொல்லைச் சொல்லாமல், எதிரே நின்ற ஒருவரை ஒருவராகவே பார்த்தார். இன்று நம் கடை வாசலுக்கு வருபவரையும் நாம் அவ்வாறே பார்ப்போமாக.